அடுத்த மாதம் பார்க்கலாம்: பெண்களின் வாசிப்புப் பட்டியலைப் படித்தல்

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி இரவு பத்து மணிக்கு மேல்தான் எங்கள் குழுவில் பட்டியல்கள் வர ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் யாருக்கும் கை ஓயாது. "இந்த மாசம் நான் படிக்கப் போறது" என்று இரண்டு மூன்று புத்தகப் பெயர்கள் இருக்கும். அதன் கீழே "போன மாசத்துப் பாக்கி" என்று இன்னும் இரண்டு இருக்கும். யாராவது ஒருத்தி, "இதை விட்டுடாதீங்க, அவசியம் படிங்க" என்று ஒரு புத்தகத்தின் அட்டைப் படத்தைப் போடுவாள். கீழ்க்கட்டளையில் ஏரிக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடைப்பட்ட நாலைந்து தெருக்களில் குடியிருக்கும் பதினொரு பெண்கள் நாங்கள். கொரோனா முடக்கத்தில் வீட்டில் இருந்த புத்தகங்களை ஒருவர் வாசலில் ஒருவர் வைத்துவிட்டுப் போனதில் தொடங்கிய பழக்கம் இது. பள்ளி ஆசிரியை, துரைப்பாக்கத்துக்கு ஐடி வேலைக்குப் போகிறவர், தையல் கடை வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற செவிலியர், வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்று கலவையான கூட்டம்.

புத்தகத்தைப் பற்றி விமர்சனம் எழுதுகிறோம். வாசகருக்கு ஒரு புத்தகம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைப் பற்றிக் குறைவாகவே எழுதுகிறோம். பெண்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் பட்டியல்களை நான் அறிந்தவரை யாரும் இலக்கியமாக எண்ணிப் படித்ததில்லை. ஒரு விடுமுறை நாளில் எங்கள் குழுவின் நான்கு வருடப் பட்டியல்களையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். ஒரு நாவலைப் படித்து முடித்ததுபோல இருந்தது. அந்த வாசிப்பில் எனக்குக் கிடைத்ததை, என் மேலான குற்றச்சாட்டையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் பட்டது நேரம். ஜனவரிப் பட்டியல்கள் நீளமானவை. நந்தனம் புத்தகக் காட்சிக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் கட்டணமில்லாமல் போய்வந்த உற்சாகம் அதில் தெரியும். பிள்ளைகளின் பொதுத்தேர்வு நடக்கும் மார்ச்சில் பட்டியல் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். தீபாவளி மாதத்தில் பலரிடமிருந்து ஒன்றுமே வராது. ஒருவரின் பெயர் ஐந்து மாதம் காணாமல் போயிருந்தது. மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்த சமயம் அது. இன்னொருவர், "முப்பது பக்கத்துல நின்னுட்டேன்" என்று ஒரே புத்தகத்தை ஏழு மாதம் எழுதியிருந்தார். அது அவருக்குப் பேறுகாலம். புத்தகப் பெயர்களை எடுத்துவிட்டு வெறும் இடைவெளிகளை மட்டும் பார்த்தால்கூட எந்த வீட்டில் எப்போது என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம்.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019இல் ஒரு கணக்கைச் சொன்னது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில் வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிடம். 2024இல் அதே ஆய்வு திரும்ப நடந்தபோது பெண்களின் கணக்கு 289 நிமிடம் ஆகியிருந்தது. ஐந்து வருடத்தில் இந்த நாட்டுப் பெண்ணுக்கு மிச்சமானது நாளுக்குப் பத்து நிமிடம். பத்து நிமிடத்தில் நான் ஐந்து பக்கம் படிப்பேன். அந்த ஐந்து பக்கத்துக்கும் போட்டியாகக் கைப்பேசி, தூக்கம், வாட்டர் கேன்காரர் எல்லாரும் நிற்கிறார்கள். அதனால் ஒரு பெண், "இந்த மாதம் இரண்டு புத்தகம் படிக்கப் போகிறேன்" என்று நாலு பேர் பார்க்க எழுதுவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த மாதத்தில் இத்தனை மணி நேரம் என்னுடையது என்று அவள் பொதுவில் அறிவிக்கிறாள்.

இந்தப் பழக்கம் எங்களோடு தொடங்கியதும் இல்லை. திருவல்லிக்கேணியில் வை.மு. கோதைநாயகி தன் முதல் படைப்பான ‘இந்திரமோகனா’வை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அப்போது கோதைநாயகிக்குச் சரளமாக எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டாருக்குக் கதை சொல்லியே வளர்ந்தவர் அவர். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று முப்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். கேட்கிற பெண்கள் இருந்ததால் சொல்கிற பெண் உருவானாள். சொன்னதை எழுதிக் கொடுக்க ஒரு தோழி இருந்ததால் எழுத்தாளர் உருவானார். தமிழ் நாவல் வரலாற்றில் கோதைநாயகிக்கு ஒரு பத்தி கிடைக்கிறது. பட்டம்மாளுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

என் அம்மாவுக்கும் மாதம் என்பது வாசிப்பின் அளவுதான். 1969இல் ‘ராணி முத்து’ வந்த பிறகு மாத நாவல் என்பது பெட்டிக்கடையில் தொங்கும் பொருளானது. பிறகு ‘மாலைமதி’, ‘கண்மணி’ என்று வரிசையாக வந்தன. குரோம்பேட்டையில் நாங்கள் இருந்தபோது சர்குலேஷன் லைப்ரரிக்காரர் சைக்கிளில் வருவார். தெருவில் ஐந்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொன்று எடுத்து, ஐந்தையும் ஐவரும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். ஏற்கெனவே படித்த புத்தகம் மறுபடி வந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக அம்மா 21ஆம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். எதிர்வீட்டு அத்தைக்கு ஒரு சின்ன வட்டம். "இந்தப் புத்தகத்துல உன் புள்ளி இருந்துச்சு, நல்லாருக்கும்னு எடுத்தேன்" என்று அந்த அத்தை சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். மதிப்புரை எழுத இடம் கிடைக்காத பெண்களின் மதிப்புரை அந்தப் புள்ளி.

தமிழில் பட்டியல் போடுவது பெரிய இலக்கிய வேலை. க.நா.சு. எழுதிய ஒரு நூலின் பெயரே ‘படித்திருக்கிறீர்களா?’. வணிக இதழ்களின் புகழ் மறைத்துவிட்ட நல்ல நூல்களை வாசகர் முன் வைக்க அவர் எழுதினார். அந்த வேலையின் மதிப்பை நான் குறைக்கவில்லை. அவரைத் தொடர்ந்து சிறந்த நாவல்கள், சிறந்த நூறு கதைகள் என்று ஆண் எழுத்தாளர்கள் பட்டியல் தந்தபடியே இருக்கிறார்கள். அவற்றிலிருந்து நானும் நிறையப் பெற்றிருக்கிறேன். ஆனால், "படித்திருக்கிறீர்களா?" என்ற கேள்வி படிக்க நேரமுள்ளவரை நோக்கிக் கேட்கப்படுவது. "படிக்க முடிந்ததா?" என்று கேட்கிற பட்டியலை அங்கே நான் பார்த்ததில்லை.

யார் அந்தப் பட்டியல்களில் இடம்பெறுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. சாகித்திய அகாதெமி 1955இலிருந்து விருது தருகிறது. 2024 வரை தமிழில் அதைப் பெற்ற பெண்கள் நான்கு பேர். ராஜம் கிருஷ்ணன் (1973), லக்ஷ்மி (1984), திலகவதி (2005), அம்பை (2021). நல்ல பெண் எழுத்தாளர்கள் இல்லாமலா இப்படி? ஆர். சூடாமணி, அநுத்தமா, கிருத்திகா, பாமா, சிவகாமி, சல்மா என்று அந்த ஒன்றாம் தேதி இரவில் எங்கள் குழுவே பதில் சொல்லிவிடும். பொதுப் பட்டியலில் இல்லாத பெயர் தோழியின் பட்டியல் வழியாகத்தான் உயிரோடு இருக்கிறது.

ராஜம் கிருஷ்ணன் எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தார். எங்கள் தாம்பரத்தில் பல காலம் வாழ்ந்தவர் என்றாலும் குழுவில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கவில்லை. ஓய்வுபெற்ற செவிலியரான எங்கள் அக்காதான் ‘கரிப்பு மணிகள்’ நாவலைப் பரிந்துரைத்தார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடம் போய்ப் பார்த்து, பழகி எழுதப்பட்ட நாவல் அது. நூல்கள் நாட்டுடைமை ஆனதால் மதுரைத் திட்டத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பொன்னாச்சியின் வெடித்த கால்களைப் படித்த வாரத்தில் ஒருவர், "சமையல்ல உப்புப் போடும்போதெல்லாம் கை ஒரு நிமிஷம் நிக்குது" என்று எழுதினார். நான் எத்தனையோ இலக்கியக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். அந்த நாவலைப் பற்றி இதைவிடச் சரியான ஒரு வாக்கியத்தைக் கேட்டதில்லை.

இதுவரை எழுதியதைப் படித்தால் எங்கள் குழு மிக அழகானது என்று தோன்றும். பட்டியல்களைத் திரும்பப் படித்ததில் என்னைச் சங்கடப்படுத்திய இரண்டு இடங்கள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் இது விமர்சனம் ஆகாது.

முதலாவது நான் செய்தது. எதிர் வீட்டு அக்கா ஒரு மாதம் தன் பட்டியலில் மூன்று ரமணிசந்திரன் நாவல்களை எழுதியிருந்தார். "அக்கா, இந்த மாசம் டயட்ல இல்லையா, ஒரே ஸ்வீட்டா இருக்கே?" என்று நான் எழுதினேன். நாலு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். அக்காவும் போட்டார். அதற்குப் பிறகு ஒன்பது மாதம் அவரிடமிருந்து பட்டியலே வரவில்லை. படிப்பதை அவர் நிறுத்தவில்லை. எங்களிடம் சொல்வதை நிறுத்திவிட்டார். ஆண் விமர்சகர்கள் "குடும்ப நாவல்" என்று உதட்டைச் சுழிக்கும்போது எனக்குக் கோபம் வரும். அதே சுழிப்பை நான் என் தெருப் பெண்ணிடம் காட்டியிருக்கிறேன்.

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ‘ரீடிங் த ரொமான்ஸ்’ நூலை அதன் பிறகுதான் கவனமாகப் படித்தேன். ஸ்மித்டன் என்று புனைபெயர் சூட்டிய ஊரில் காதல் நாவல் படிக்கும் பெண்களிடம் அவர் பேசினார். அங்கே டாட் என்று அவர் அழைக்கும் பெண் புத்தகக் கடையில் வேலை பார்க்கிறார். வந்திருக்கும் காதல் நாவல்களில் எதை வாங்கலாம், எதை விடலாம் என்று செய்திமடல் எழுதுகிறார். ஏன் படிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தப் பெண்கள் கதையைப் பற்றி மட்டும் பேசவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் அந்த நேரத்துக்கு வீடு தங்களைக் கூப்பிடாது என்பதையும் சொன்னார்கள். ராட்வே அதோடு நிற்கவில்லை. படிக்கும் செயல் அவர்களுக்கு விடுதலை தருகிறது, படிக்கப்படும் கதையோ அவர்களைப் பழைய திருமணத்துக்குள்ளேயே சமாதானப்படுத்தி அனுப்புகிறது என்ற இரண்டு உண்மைகளையும் சேர்த்தே வைத்தார்.

எனக்கு அந்த இரண்டாவது பாதி மட்டும்தான் தெரிந்திருந்தது. கோபக்காரப் பணக்கார நாயகன் கடைசியில் மனம் மாறுவான் என்று நூறு நாவல் சொன்னால் அது நம் பெண்களைப் பொறுத்துப் போகச் சொல்வதுதான் என்ற என் கருத்தில் இப்போதும் மாற்றமில்லை. அதை அக்காவிடம் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஆனால், அவர் படித்ததை நானும் படித்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டு, ஒரு நாவலை வாங்கிப் படித்தேன். "இவன் கையப் புடிச்சு இழுக்குறானே, உங்களுக்குக் கோபம் வரலையாக்கா?" என்று கேட்டேன். "வருமே. அந்தப் பக்கத்தை நான் தள்ளிட்டுப் போயிடுவேன்" என்றார். பத்துப் பதினைந்து வருடமாக அவர் அந்த நாவல்களைத் திருத்திப் படித்துக்கொண்டிருக்கிறார். அந்தத் திருத்தங்களை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது இடம் இதைவிடக் கனமானது. தையல் கடைத் தோழி முதல் வருடமே பாமாவின் ‘கருக்கு’ நூலைப் பரிந்துரைத்திருந்தார். 1992இல் வந்த நூல், சின்னப் புத்தகம். எல்லாரும் இதயக் குறி போட்டோம். அடுத்த மாதப் பட்டியல்களில் ஆறு பேர் அதை எழுதினோம். அதற்கடுத்த மாதம் அது "பாக்கி"யில் போனது. பிறகு, "மனசு சரியில்ல, இப்ப சோகமா எதுவும் வேணாம், அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று ஒருவர். "நேரமே இல்லப்பா" என்று ஒருவர். என் பட்டியலில் அது எட்டு மாதம் பாக்கியில் இருந்து, ஒன்பதாவது மாதம் சத்தமில்லாமல் மறைந்திருந்தது. நான் அதை எடுத்துவிட்டது எனக்கே நினைவில்லை.

நான்கு வருடப் பட்டியல்களைப் படித்ததாக நான் குழுவில் சொன்னபோது அந்தத் தோழி என்னிடம் தனியாகக் கேட்டார். "நேரமில்லைன்னா சரிக்கா. ஆனா அதே எட்டு மாசத்துல நீங்க எழுநூறு பக்கத்துல ஒரு சரித்திர நாவல் முடிச்சிருக்கீங்களே?"

அவர் சொன்னது சரி. நேரமின்மை பெண்களின் உண்மை என்று இந்தக் கட்டுரையில் முன்னால் எழுதினேன். அதை நான் மாற்றவில்லை. ஆனால் உண்மையான ஒன்றைத்தான் நாம் சாக்காகவும் பயன்படுத்துகிறோம், பொய்யைச் சாக்காகச் சொன்னால் எளிதில் மாட்டிக்கொள்வோம். ஒரு தலித் பெண் தன் வாழ்க்கையை எழுதியதை, "சோகம்" என்று பெயரிட்டுத் தள்ளிவைத்தோம். ஆதிக்கச் சாதி வீட்டுப் பெண்ணின் துயரம் எங்கள் பட்டியலில் "யதார்த்தம்" என்று இருந்தது. யாரும் எதிர்க்கவில்லை, யாரும் மறுக்கவில்லை. எல்லாரும் மரியாதையாக அடுத்த மாதம் என்றோம். பொதுப் பட்டியல்கள் பெண்களிடம் இப்படித்தானே நடந்துகொண்டன? அங்கேயும் யாரும் பெண்கள் வேண்டாம் என்று எழுதி வைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. எனக்குக் கிடைத்த பத்து நிமிடமும் அரை மணியும் எங்கிருந்து வந்தது? காலையில் என் வீட்டில் பெருக்கித் துடைக்க வரும் அக்காவின் நேரத்திலிருந்து வந்தது. என் 299 நிமிடத்தில் ஒரு பகுதியை அவர் எடுத்துக்கொண்டு, தன் வீட்டுக்குப் போய்த் தன் நிமிடங்களையும் செய்கிறார். எங்கள் பதினொரு பேரில் அவர் இல்லை. கூப்பிட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை. சமீபத்தில் அவரிடம் கேட்டேன். "பேப்பர் படிப்பேன், ராசிபலன் படிப்பேன். புக்கு யாரு எனக்குக் குடுத்தா?" என்றார்.

பரிந்துரை என்ற சொல்லை நாம் அலுவலகச் சொல்லாக ஆக்கிவிட்டோம். பரிந்து உரைப்பது பரிந்துரை. ஒருவர் மேல் பரிவு வைத்து, அவர் பக்கம் நின்று பேசுவது. தையல் கடைத் தோழி ‘கருக்கு’ நூலைச் சொன்னபோது ஒரு புத்தகத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை. இதன் பக்கம் நான் நிற்கிறேன், நீங்களும் வாருங்கள் என்றார். பரிந்துரையை ஏற்றுக்கொள்ளாமல் இருக்கலாம், அது வாசகரின் உரிமை. ஆனால் ஏன் ஏற்கவில்லை என்று சொல்லும் கடமை தோழிக்கு உண்டு. பட்டியலில் புத்தகத்தின் பெயர் மட்டும் இருந்தால் அந்தக் கடமை நமக்கு மறந்துபோகிறது.

அதனால் இப்போது எங்கள் பட்டியலில் இரண்டு விஷயங்களைச் சேர்த்திருக்கிறோம். புத்தகத்தின் பெயருக்குப் பக்கத்தில் அதை யார் சொன்னது என்று எழுத வேண்டும். தள்ளிப்போட்டால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். "மாமியார் ஆஸ்பத்திரியில்" என்பதும் காரணம்தான், "படிக்க பயமா இருக்கு" என்பதும் காரணம்தான். மூன்று மாதம் தள்ளிப்போன புத்தகத்தை யாராவது ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்க வேண்டும். எத்தனை புத்தகம் முடித்தோம் என்ற கணக்கை விட்டுவிட்டோம். அந்தக் கணக்கில் ஜெயித்தவர்கள் எப்போதும் வீட்டில் உதவிக்கு ஆள் இருந்தவர்கள்தான்.

இன்னொரு வேலையும் மீதமிருக்கிறது. 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தால்தான் நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்கிறது. இப்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா. ரசீது பெரும்பாலும் வீட்டு ஆணின் பெயரில் இருக்கும். பணம் வீட்டுச் செலவிலிருந்துதான் போகிறது. எனவே எங்கள் மாதப் பட்டியலைக் கிளை நூலகத்திலும் கொடுத்து, இந்தப் பெண்களின் புத்தகங்களை வாங்கி வையுங்கள் என்று கேட்கப் போகிறோம். வாங்க வசதியில்லாதவரும் எங்கள் குழுவுக்கு வெளியே இருப்பவரும் எடுத்துப் படிக்க வேறு வழி இல்லை.

போன மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் மொட்டை மாடியில் ‘கருக்கு’ படித்தோம். மேடவாக்கம் சாலையில் மெட்ரோ வேலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாமாவின் பேச்சுமொழியைத் தையல் கடைத் தோழி படித்தபோது வந்த தாளம் நான் படித்தபோது வரவில்லை. இரண்டாம் வாரம் நடுவில் ஒருவர் எழுந்து போய்விட்டார். மூன்றாம் வாரம் திரும்பி வந்தார். ஏன் போனார் என்று பட்டியலில் இன்னும் எழுதவில்லை. எழுதுவார் என்று காத்திருக்கிறோம். எதிர் வீட்டு அக்கா தன் பட்டியலை மறுபடி அனுப்ப ஆரம்பித்திருக்கிறார். அதில் ஒரு ரமணிசந்திரன், ஒரு அம்பை. பெருக்க வரும் அக்கா, தான் எந்த நேரத்தில் வர முடியும் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிறு மாலை அவருக்கு இன்னொரு வீட்டில் வேலை இருக்கிறது. எங்கள் நேரத்தை மாற்ற வேண்டும். அதை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று குழுவில் யாரோ எழுதினார்கள். இந்த மாதமே பார்க்க வேண்டும் என்று நான் பதில் போட்டிருக்கிறேன்.